சிதறால் குன்றில் ஒரு முற்பகல்

"முற்றத்து முல்லைக்கு மணமில்லை" என்பது குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வழங்கும் ஒரு பழமொழி. கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் நல்ல பொருளை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது அதன் கருத்து. எங்கள் இல்லத்திற்கும் சிதறால் மலைக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான் உண்டு. நாங்கள் வேளாங்கண்ணிக்குப் பலமுறை சென்றிருக்கிறோம். கொடைக்கானலையும் மைசூரையும் கண்டு களித்திருக்கிறோம். ஆயினும், ஆயிரத்து நூறு ஆண்டுகளாக எங்கள் முற்றத்தில் மணம் பரப்பி நிற்கும் இக்குன்றின்மீது, கடந்த தை மாதம் வரை நாங்கள் காலடி வைத்ததில்லை. இதனை எழுதும்போது எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

அன்றைய பயணமும் பொழுதுபோக்கிற்காக ஏற்பட்டதன்று. எங்கள் மகள் வரலாற்றுப் பாடத்தில் பி.ஏ. பட்டம் பெற்றிருந்தாள். மேற்கொண்டு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். எங்களுக்கோ அதில் மனம் ஒப்பவில்லை. தஞ்சாவூர் எங்கே, நம் ஊர் எங்கே? பெண் பிள்ளையை அத்தனை தொலைவில் விடுதியில் விட்டுவிட்டு, வீட்டில் நிம்மதியாக உறங்க இயலுமா? கல்லெழுத்தைப் படித்து என்ன பதவி கிடைக்கப்போகிறது? போதாததற்கு நல்ல இடத்திலிருந்து ஒரு வரனும் வந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவள் எதிர்வாதம் செய்யவில்லை. ஆனால் இரண்டு வாரங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்துபோயிற்று.

ஒருநாள் இரவு உணவிற்குப் பின் அவள் எங்களிடம் வந்து, "அப்பா, அம்மா, உங்கள் சம்மதத்தை மறுபடியும் கேட்க வரவில்லை. ஒரே ஒரு நாள் என்னோடு சிதறால் மலைக்கு வாருங்கள். வந்து பார்த்த பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்" என்றாள். மறுக்க எங்களுக்கு வாய் வரவில்லை. மூலையில் அமர்ந்திருந்த எங்கள் அன்னையார், "நானும் வருவேன்" என்றார். அவருக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் வலியும் உண்டு. "மலை ஏற வேண்டுமே" என்றோம். "அந்த மலையை எனக்குத் தெரியும். நீங்கள்தான் அதை ஏறாதவர்கள்" என்றார் அவர். அதற்குமேல் நாங்கள் பேசவில்லை.

கொல்லாமர நிழலில்

ஒரு சனிக்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இளைய மகனையும் சேர்த்து ஐவராகப் புறப்பட்டோம். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிதறால். சாலையின் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள். பால்வெட்டு முடிந்த மரங்களில் சிரட்டைகள் வெண்பால் ஏந்தி நின்றன. அவற்றிடையே வாழையும் மரச்சீனியும் கமுகும் தென்னையுமாக ஓர் அங்குல நிலமும் வெறுமையாக இல்லை. அடிவாரத்தை அடைந்தபோது மணி எட்டு.

மலை என்றவுடன் மூச்சு முட்டும் ஏற்றத்தை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. அடியிலிருந்து உச்சிவரை கல் பாவிய அகன்ற பாதை சிறிது சிறிதாக உயர்ந்து செல்கிறது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவே. களைத்தவர்கள் அமர்வதற்கு ஆங்காங்கே இருக்கைகளும் உள்ளன. சிறுவர்கள் கால்மணி நேரத்தில் ஏறிவிடுவர். எங்கள் அன்னையாரின் கைபிடித்து நின்று நின்று ஏறிய எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரம் எங்களுக்கு வாய்த்ததும் நல்லதாயிற்று.

பாதையின் இருமருங்கிலும் மரச்செறிவு. அடர்ந்த பெருங்காடு என்று கூற இயலாது. எனினும் வெயில் தரையில் விழாத அளவுக்கு நிழல் உண்டு. கொல்லாமரங்கள், அதாவது முந்திரி மரங்கள், கிளைகளைத் தாழப் பரப்பி நின்றன. தை மாதமாதலால் அவை பூத்திருந்தன. இலேசான இனிய மணம் காற்றோடு வந்தது. பாறைகளுக்கிடையே காட்டுச்செடிகள் மண்டிக் கிடந்தன. எங்கோ ஒரு செம்போத்து இடைவிடாது கூவிக்கொண்டிருந்தது.

முதல் இருக்கையில் அமர்ந்ததும் அன்னையார் பேசத் தொடங்கினார். அவர் பிறந்த வீடு இம்மலைக்கு அண்மையில்தான் இருந்ததாம். சிறு பெண்ணாக இருந்தபோது, சருகு வாரவும் விறகு பொறுக்கவும் உதிர்ந்த கொல்லாங்கொட்டை எடுக்கவும் தோழியரோடு இங்கு வருவாராம். அன்று கல் பாவிய பாதை ஏது? முள்ளும் கல்லுமான ஒற்றையடிப் பாதைதான். "மேலே பாறையில் நிறையக் கல்சாமிகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள். நாங்கள் அவர்களுக்குப் பயந்து சத்தம் போடாமல் நடப்போம்" என்றார். இத்தனை ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் இச்செய்தியை நாங்கள் கேட்டதில்லை; அவரும் சொன்னதில்லை.

பாறையில் ஒரு பேரவை

உச்சியை நெருங்கும்போது பாதை இரு பெரும்பாறைகளுக்கிடையே ஒடுங்கிச் செல்கிறது. அவ்விடைவெளியைக் கடந்தவுடன் கண்முன் விரியும் காட்சி எவரையும் சிறிது நேரம் வாயடைத்து நிற்கச் செய்யும். கூரைபோல் முன்னே தள்ளி நிற்கும் மாபெரும் பாறை ஒன்று. அதன் பக்கத்தில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் முக்குடை. கால் மடக்கி, கைமேல் கைவைத்து, அரைக்கண் மூடி அமர்ந்திருக்கும் அத்திருவுருவங்கள், மலையே அமர்ந்து சிந்திப்பது போன்ற தோற்றத்தைத் தருகின்றன. "இவர்கள்தான் பாட்டி சொன்ன கல்சாமிகள்" என்று இளையவன் மெல்லிய குரலில் சொன்னான். அவனும் சத்தம் போடவில்லை.

இவற்றைச் செய்வித்தவர்கள் சமணர்கள். இம்மலையின் பழம்பெயர் திருச்சாரணத்து மலை என்பதாகும். சாரணர் என்போர் தவத்தால் வானில் இயங்கும் ஆற்றல் பெற்றவர்கள் எனச் சமணர் போற்றிய முனிவர்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரை நோக்கி நடக்கையில், வழியில் சாரணர் தோன்றும் பகுதியைப் பள்ளியில் பயின்றவர்கள் நினைவுகூரலாம். அத்தகைய தவத்தோர் பெயரால் அமைந்த மலை இது. ஊரார் இதனைச் சொக்கன் தூங்கி மலை என்றும், வெறுமனே மலைக்கோவில் என்றும் அழைப்பதுண்டு.

உருவங்களுள் சிலவற்றை எங்கள் மகள் எங்களுக்கு அறிமுகப்படுத்தினாள். தலைமேல் நாகம் படம் விரித்திருக்க நிற்பவர் பார்சுவநாதர்; இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரர். அவர் தவத்தில் இருந்தபோது பகைவன் ஏவிய பெருமழையினின்று தரணேந்திரன் என்னும் நாகர் அரசன் அவரைக் காத்தான் என்பது சமணர் மரபு. அவருடைய இயக்கியே பதுமாவதி.

பெண் உருவம் ஒன்று தனியே நின்றது. அருகில் ஒரு சிங்கம். பக்கத்தில் இரு சிறுவர். அவள் அம்பிகை. அவள் வரலாற்றை மகள் கூற, நாங்கள் நின்றபடியே கேட்டோம். அவள் ஓர் அந்தணன் மனைவி. வீட்டில் முன்னோருக்கான சடங்கு நடக்கவிருந்த நாளில், பசித்து வந்த சமணத் துறவி ஒருவருக்கு அவள் உணவளித்தாள். சடங்கு முடியுமுன் உணவளித்தது குற்றம் என்று சினந்த கணவன், அவளை இரு குழந்தைகளோடும் வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டான். அவள் உயிர்நீத்துத் தெய்வமானாள். பிற்பாடு அவனும் இறந்து அவள் ஊர்தியாகிய சிங்கமானான் என்பது கதை. எங்கள் அன்னையார் நெடுநேரம் அவ்வுருவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பசித்தவனுக்குச் சோறு போட்டவளையா விரட்டினான்!" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

குரத்தியின் பெயர்

உருவங்களின் கீழே சில இடங்களில் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அவை. அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயர் அவற்றுள் ஒன்று. மதுரையைச் சூழ்ந்த மலைகளிலும் இதே பெயர் பாறைகளில் காணப்படுகிறது. அன்றைய துறவிகள் எவ்வளவு தொலைவு நடந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.

அன்னையார் பாறையருகே சென்று கண்களைச் சுருக்கிப் பார்த்தார். "மக்களே, இது என்ன பாஷை?" என்று பேத்தியைக் கேட்டார்.

"தமிழ்தான், பாட்டி."

"தமிழா? ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். ஓர் எழுத்துக்கூட எனக்கு விளங்கவில்லையே?"

"இவர்களுக்கும் விளங்காது, பாட்டி" என்று எங்களைக் காட்டிச் சிரித்தாள் மகள். "இது வட்டெழுத்து. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் அந்தக் காலத்தில் தமிழை இப்படித்தான் எழுதினார்கள். சோழர் ஆட்சி பரவிய பிறகு பாண்டிய நாட்டில் இது மறைந்துபோயிற்று. திருவிதாங்கூர்ப் பக்கம் மட்டும் இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தது. இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளத்தான் நான் தஞ்சாவூருக்குப் போகவேண்டும் என்கிறேன்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் அதோடு அப்பேச்சை நிறுத்திவிட்டு, இம்மலையில் கிடைத்த ஒரு கல்வெட்டின் செய்தியைக் கூறலானாள்.

அக்காலத்தில் இப்பகுதியை ஆண்டவர்கள் ஆய் மன்னர்கள். அவர்களுள் விக்கிரமாதித்த வரகுணன் என்பவன் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமாக ஆட்சி புரிந்தான். அவனது 28ஆம் ஆட்சியாண்டில், பேராயிற்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர், திருச்சாரணத்து மலையில் எழுந்தருளியிருந்த படாரியாருக்குப் பொன்னணிகளை வழங்கினார். இதுவே அக்கல்வெட்டின் செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தொல்லியல் துறைக்குத் தலைமை வகித்த டி. ஏ. கோபிநாத ராவ் இம்மலையின் சமணச் சின்னங்களை ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

"குரத்தி என்றால் யார்?" என்று கேட்டான் இளையவன்.

"குரவர் என்றால் ஆசிரியர். அதற்குப் பெண்பால் குரத்தி. ஆசிரியை" என்றாள் அவள்.

அச்சொல் எங்களைத் தூக்கிவாரிப்போட்டது. இம்மலையில் ஒரு பெண் மாணவியாக இருந்தாள். பின்னர் ஆசிரியையாகவும் மதிக்கப்பட்டாள். அவள் பெயரும் அவளுக்குக் கற்பித்தவர் பெயரும் கல்லில் ஏறின. மன்னனின் மகள் என்றோ, இன்னாருடைய மனைவி என்றோ அக்கல்வெட்டு அவளைக் குறிக்கவில்லை. இன்னாருடைய மாணாக்கி என்றே குறிக்கிறது. நாம் பெருமையோடு பேசும் இந்நாளிலும் எத்தனை அழைப்பிதழ்களில் ஒரு பெண் இவ்வாறு அறிமுகப்படுத்தப்படுகிறாள்?

இதன் அருமையை உணர, அதே காலத்து மற்றொரு கல்விச்சாலையை எண்ணிப் பார்ப்பது நலம். முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் ஒரு திருமால் கோயிலும் அதனோடு இணைந்த சாலையும் அமைத்தான். அங்கு 95 மாணவர்கள் உண்டு உறைந்து பயில நிலங்கள் வழங்கிய செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் உணவோடு கூடிய விடுதிக் கல்வி இருந்தது என்பது மகிழத்தக்கதே. எனினும் அந்த 95 இடங்களும் வேதம் பயிலும் இளைஞர்களுக்கு உரியவை. பெண்ணுக்கு அங்கு இடமில்லை. அங்கிருந்து சில மணி நேரம் நடந்தால் எட்டும் இக்குன்றிலோ பெண் ஒருத்தி ஆசிரியையாகப் போற்றப்பட்டிருக்கிறாள்.

இவள் ஒருத்தி மட்டுமல்லள். கோவில்பட்டிக்கு அருகே உள்ள கழுகுமலையிலும் சமணச் சிற்பங்கள் நிறைந்த பாறை உண்டு. அங்குள்ள கல்வெட்டுகளில் குரத்தியர் பலருடைய பெயர்கள் காணப்படுகின்றன. அவர்களுள் ஒருவர் திருச்சாரணத்துக் குரத்திகள் என்றே குறிக்கப்படுகிறார். இங்கிருந்து கழுகுமலைக்குச் செல்ல ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, நெல்லைச் சீமை முழுவதையும் தாண்ட வேண்டும். சமணத் துறவியர் வண்டி ஏறுவதில்லை, கால்நடையாகவே செல்வர். இரயிலும் பேருந்தும் தொலைபேசியும் உள்ள நாங்கள், தஞ்சாவூர் எங்கே நாம் எங்கே என்று மலைத்து நின்றோம்.

கைமாறிய கோயில்

பாறையின் மறுபக்கத்தில், இயற்கையாய் அமைந்த குகையையே கருவறைகளாகக் கொண்டு ஒரு கோயில் உள்ளது. முன்னே தூண்கள் தாங்கும் கல்மண்டபம். உள்ளே மூன்று கருவறைகள். அவை மகாவீரருக்கும் பார்சுவநாதருக்கும் பதுமாவதிக்கும் உரியவை. கோயிலின் கூரையாகக் கவிந்திருக்கும் பாறையின் தலைமீது சிதைந்த சிறு விமானம் ஒன்று நிற்கிறது. கீழே ஒரு சுனை. அதன் நீரில் பாறையின் நிழல் அசையாது கிடந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் இக்கோயில் பகவதி கோயிலாக மாறியது என்று ஆய்வாளர் கூறுவர். அரச ஆதரவு குறைந்து சமணர் எண்ணிக்கை அருகியபோது, மலையைச் சுற்றி வாழ்ந்த மக்கள் இங்கிருந்த இயக்கியைத் தங்கள் அன்னையாகவே ஏற்றுக்கொண்டனர். ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பின்வந்தவர்கள் முன்னவர்களின் உருவங்களை உடைத்தெறியவில்லை. தீர்த்தங்கரர்கள் இன்றும் அதே பாறையில் அதே அமைதியோடு அமர்ந்திருக்கிறார்கள். நாகர்கோவிலின் நாகராசர் கோயிலிலும் இவ்வாறே தீர்த்தங்கரர் உருவங்கள் தூண்களில் இடம்பெற்றுள்ளன. 16ஆம் நூற்றாண்டிலும் அங்குச் சமணப் பண்டிதர்கள் இருந்தமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. விக்கிரமாதித்த வரகுணனும், தான் எச்சமயத்தவனாயினும், ஸ்ரீமூலவாசம் என்னும் புத்தப் பள்ளிக்கு நிலம் ஈந்தவன். அச்செய்தியைப் பாலியம் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. ஒரே நாட்டில் வைணவச் சாலையும் சமண மலையும் புத்தப் பள்ளியும் அரசின் ஆதரவில் இருந்தன. அண்டை வீட்டாரின் வழிபாட்டிடத்தை மதித்தல் நம் மண்ணுக்குப் புதிய பாடமன்று.

கோயிலின் முன்னே பாறை மீது அமர்ந்து, கொண்டுசென்ற மரச்சீனிக்கிழங்கையும் மிளகாய்த் துவையலையும் உண்டோம். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தென்னையும் ரப்பருமாகப் பசுமைக் கடல். ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலைகள் நீல அடுக்குகளாக நின்றன. மறுபுறம் வானடியில் வெள்ளிக் கோடு போன்ற ஒன்று தெரிந்தது. கடல் என்றாள் மகள். மேகம் என்றான் மகன். வழக்கு முடிவாகவில்லை.

அன்னையார் சொன்னது

அப்போதுதான் அன்னையார் தம் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பேசினார். அவருடைய விரல் நுனிகள் கறுத்து, தோல் தடித்திருக்கும். சிறு வயது முதல் அண்டியாபீசில் வேலை செய்த கைகள் அவை. முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் ஊரார் அண்டியாபீசு என்றே அழைப்பர். வறுத்த கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் பெண்கள் கொட்டை உடைப்பர்.

"ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதலாவதாக வந்தேன்" என்றார் அவர். "அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் மூன்று மைல் நடந்து வேறு பள்ளிக்குப் போகவேண்டும். டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் கேட்டார்கள். பெண்பிள்ளை அவ்வளவு தூரம் தனியாக நடக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த மாதம் என்னை அண்டியாபீசில் சேர்த்தார்கள்."

சற்று நிறுத்தி, மலையடிவாரத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார்: "அண்டியாபீசு நாலு மைல். அதற்கு மட்டும் நடக்கலாம் என்றார்கள்."

எவரும் பேசவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை. தந்தையார் மீது குறை கூறவும் இல்லை. அன்றைய வறுமை அப்படி என்பதை அவரும் அறிவார். ஆனால் அந்த ஒரு மைல் கணக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் உள்ளத்தில் இருந்திருக்கிறது. விறகு பொறுக்க வந்த அச்சிறுமி, ஓர் ஆசிரியையின் பெயரைத் தாங்கும் மலையிலேயே நடந்திருக்கிறாள். அதனை அவளுக்குச் சொல்ல எவரும் இல்லை. எங்கள் அச்சங்களுக்கு நாங்கள் இட்டிருந்த பெயர்கள் எவை? தொலைவு, பாதுகாப்பு, ஊர் என்ன சொல்லும் என்பன. எங்கள் தாத்தாவும் அவற்றையேதான் சொல்லியிருப்பார்.

பெற்றோரின் கவலைகள் பொய்யானவை என்று நாங்கள் கூறமாட்டோம். விடுதிக் கட்டணம் உண்மை. உறவினர்களின் ஏச்சும் உண்மை. இரவில் பெண்ணை எண்ணி உறக்கம் வராமல் கிடப்பதும் உண்மை. இவற்றையெல்லாம் ஒரு குன்று தீர்த்துவிடாது. ஆனால் எத்தனை மைல் என்று கணக்கிடும்போது, பள்ளிக்கு ஓர் அளவுகோலும் வேலைக்கும் திருமணத்திற்கும் வேறோர் அளவுகோலும் வைத்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? வரன் வந்திருந்த ஊர் தஞ்சாவூரைவிடத் தொலைவு என்பது அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது.

இறங்கும்போது மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தாள். பின்னால் வந்த நாங்கள், "விண்ணப்பம் எப்போது அனுப்ப வேண்டும்?" என்று கேட்டோம். அவள் திரும்பிப் பார்த்தாள். கேட்டது உண்மைதானா என்று ஐயுற்றவள்போல் சிறிது நின்றாள். பிறகு பாட்டியின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

குமரி மாவட்டத்திற்கு வருவோர் முக்கடல் கூடும் முனையையும் திற்பரப்பு அருவியையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அரைநாள் ஒதுக்கினால் சிதறாலையும் காணலாம். குழித்துறை இரயில் நிலையமும் மார்த்தாண்டம் பேருந்து நிலையமும் அண்மையில் உள்ளவை. காலையில் செல்லுதல் நன்று. உச்சிப்பொழுதில் பாறை சுடும். குடிநீரை மறவாது எடுத்துச் செல்க. முதியோரையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். அவசரப்படுத்தாமல் நடத்தினால் போதும். நாங்கள் கண்டதைப்போல், அவர்களிடம் நாம் கேட்டிராத செய்திகள் பல இருக்கக்கூடும். பாறையில் ஒருவரும் தம் பெயரைக் கீறாதிருக்கட்டும். அங்கு ஏற்கெனவே உள்ள பெயர்களைப் படிக்கவே நமக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் மகள் இப்போது தஞ்சையில் பயில்கிறாள். முதல் மாதம் எங்களுக்கு உறக்கம் குறைவாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதத்தில் பாட்டியின் பெயருக்கு ஓர் அஞ்சல் உறை வந்தது. உள்ளே ஒரு தாளில் வளைந்து வளைந்து செல்லும் ஐந்தாறு எழுத்துகள் மட்டுமே இருந்தன. நாங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. மாலையில் தொலைபேசியில் கேட்டபோது, "அது பாட்டியின் பெயர். வட்டெழுத்தில் எழுதியிருக்கிறேன்" என்றாள்.

அத்தாளை அன்னையார் தம் செபப்புத்தகத்தினுள் வைத்திருக்கிறார். வீட்டிற்கு வருவோரிடம் அதை எடுத்துக் காட்டி, "இதை வாசியுங்கள் பார்ப்போம்" என்கிறார். எவராலும் வாசிக்க இயலவில்லை என்பதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி.